பழைய இத்தாலியப் பந்தய சைக்கிள்: மாடலையும் வயதையும் கண்டறிய முழுமையான வழிகாட்டி

கீழ்க் குழாயில் கொல்னாகோ என்ற புகழ்பெற்ற இத்தாலியத் தயாரிப்பாளரின் பெயர் எழுதியிருப்பதால் மட்டும் ஒரு சைக்கிள் கொல்னாகோ ஆகிவிடாது. எழுத்தும் ஸ்டிக்கரும் இன்றைக்கும் புதிதாக அச்சாகி விற்பனைக்குக் கிடைக்கின்றன. பெயின்ட் அடிக்க ஒரு நாள் போதும். அதனால் ஸ்டிக்கரைக் கடைசியில் படியுங்கள், இரும்பை முதலில் படியுங்கள். இந்த வழிகாட்டியின் வரிசை முழுக்க இந்த ஒரு விதியிலிருந்து வந்ததுதான்.

இத்தாலியில் 1950 முதல் 1990 வரை பந்தய சைக்கிள் செய்தவர்களில் பலர் சிறிய பட்டறைக்காரர்கள். ஃபிரேமையும் ஃபோர்க்கையும் மட்டும் விற்பார்கள். பாகங்களை வாங்குபவரோ கடைக்காரரோ தேர்ந்தெடுத்துப் பூட்டுவார்கள். ஒரு பட்டறையின் ஃபிரேம் வேறொரு பெயரில், வேறொரு அணியின் நிறத்தில் ஓடியதும் சகஜம். ஆகவே ஒரு சைக்கிளுக்கு மூன்று வயது இருக்கலாம்: ஃபிரேமின் வயது, பாகங்களின் வயது, பெயின்டின் வயது. மூன்றையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

துடைப்பதற்கு முன்

தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். பழைய எழுத்துகளில் பல தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய தாள் வகை. மேலே வார்னிஷ் பூச்சு இல்லையென்றால் ஒரே துடைப்பில் போய்விடும். முதலில் இருபக்கமும் முழுப் படம், பிறகு ஒவ்வொரு லக் (குழாய்கள் சேரும் மூட்டு உறை), டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் துண்டு), ஃபோர்க் கிரவுன் (ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் தலை), பி.பி. கூட்டின் (கிராங்க் அச்சைத் தாங்கும் குறுக்குக் குழாய்) அடிப்பாகம், பின் டெரெய்லியர் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகம்), கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) பின்புறம், ஹப் நட் எல்லாவற்றையும் நெருக்கத்தில் படமெடுங்கள்.

கையில் வேண்டியவை: வெர்னியர் காலிப்பர் (0.1 மி.மீ. காட்டினால் போதும்), இரும்பு ஸ்கேல், சின்ன டார்ச், பல் டாக்டர் கண்ணாடி போன்ற குட்டிக் கண்ணாடி, பழைய பல் துலக்கி, சோப்புத் தண்ணீர், மெல்லிய தாள், பென்சில். மங்கிப்போன முத்திரை மேல் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத எண்கூட எழும்பி வரும்.

முதலில், இது இத்தாலிதானா?

கிராங்க் அச்சு ஓடும் பி.பி. கூடுதான் பிறப்புச் சான்றிதழ். இத்தாலியக் கூட்டின் அகலம் 70 மி.மீ., மரை 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. பிரிட்டிஷ் கூடு 68 மி.மீ. அகலம், 1.37 அங்குல விட்டம், அதே 24 மரை. கூட்டின் இருபுறமும் திருகி, பேரிங்கைத் தாங்கும் கப்பைக் கழற்றாமலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: காம்பக்னோலோ என்ற இத்தாலியப் பாகத் தயாரிப்பாளரின் கப்பின் முகத்தில் 36×24 அல்லது 1.370×24 என்று பொறித்திருக்கும்.

கழற்றத்தான் வேண்டுமென்றால் திசையில் கவனம். இத்தாலிய மரையில் இரண்டு பக்கக் கப்பும் வலமரை. இரண்டையும் இடப்புறமாகச் சுற்றித்தான் கழற்ற வேண்டும். பிரிட்டிஷ் முறையில் செயின் பக்கக் கப் இடமரை. இதைத் தெரியாமல் நீண்ட ஸ்பேனர் போட்டு எதிர்த்திசையில் முக்கினால் கப்பின் விளிம்பு மழுங்கும், கூடும் கெடும். இத்தாலியக் கப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: செயின் பக்கக் கப் வலமரை என்பதால் மிதிக்க மிதிக்கத் தளரப் பார்க்கும். அதனால் முன்பு பூட்டியவர் மிகக் கடுமையாக இறுக்கியிருப்பார். வாசிக்க முடிந்ததை வாசித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

அகலம் 68, மரை 36 என்று கலந்து வந்தால்? பிரிட்டிஷ் மரை தேய்ந்துபோன கூட்டை, அதைவிடப் பெரிய இத்தாலிய மரைக்கு யாரோ திரும்ப வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஃபிரேம் இத்தாலியில் பிறந்ததல்ல என்ற சந்தேகம் அங்கே தொடங்க வேண்டும். நேர்மாறான நிலையும் உண்டு: 1980களில் அமெரிக்கச் சந்தைக்காகப் பியாங்கி பெயரில் ஜப்பானில் செய்த சைக்கிள்கள் பிரிட்டிஷ் மரையோடு வந்தன. செலெஸ்டே என்ற பியாங்கியின் பச்சை கலந்த நீல நிறமும் கழுகு முத்திரையும் இருந்தும் கூடு 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் அந்த வகைதான்.

ஃபிரேம் தன் வயதைச் சொல்லும் இடங்கள்

பாகங்களை மாற்றலாம். ஃபிரேமில் பித்தளை வைத்துப் பற்றவைத்ததை மாற்றுவது கடினம். அதனால் வயதுக்கு இதுதான் முக்கியச் சாட்சி.

மேல் குழாயில் தொடங்குங்கள். பின் பிரேக் கேபிளைப் பிடிக்க மூன்று குரோம் வளையங்கள் மாட்டியிருந்து, குழாயில் பற்றவைத்தது எதுவும் இல்லையென்றால், ஏறத்தாழ 1970களின் நடுப்பகுதிக்கு முந்தியது. சின்னச் சின்ன வளைய வழிகள் குழாயிலேயே பற்றியிருந்தால் அதற்குப் பிந்தியது. கேபிள் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தால் 1980கள். இந்த மாற்றம் தாமதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. பந்தயக் குழாயின் சுவர் இரண்டு முனையிலும் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. மட்டுமே. அந்த மெல்லிய நடுப்பகுதியில் சூடு காட்டினால் உறுதி குறையும் என்று கைவினைஞர்கள் அஞ்சினார்கள். அதனால் 1960களின் உயர்ரகச் சைக்கிளில் எல்லாமே வளையம் போட்டு மாட்டியிருக்கும். பற்று இல்லாதது மலிவின் அடையாளம் அல்ல.

அடுத்தது கீழ்க் குழாய். கியர் லீவர் வளையத்தில் உட்கார்ந்திருந்து, அது நழுவாமல் இருக்கக் குழாயில் ஒரு சின்ன முளை மட்டும் இருந்தால் 1960, 70கள். லீவருக்கான இரு குமிழ்களும் குழாயிலேயே பற்றியிருந்தால் 1970களின் கடைசி அல்லது அதற்குப் பிறகு. தண்ணீர்ப் பாட்டில் கூண்டுக்கான இரண்டு திருகுத் துளைகளும் அப்படித்தான்: ஒன்றுமே இல்லை என்றால் பழையது, கீழ்க் குழாயில் மட்டும் ஒரு ஜோடி என்றால் 1970களின் நடு அல்லது பிற்பகுதி, சீட் குழாயிலும் ஒரு ஜோடி என்றால் 1980கள்.

பிறகு கூட்டைச் சுற்றிக் கியர் கேபிள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். கூட்டுக்கு மேலே வளையத்தில் போனால் பழையது. மேலேயே பற்றிய வழியில் போனால் 1970களின் நடு முதல். அடியில் பள்ளத்திலோ பிளாஸ்டிக் தகட்டிலோ போனால் 1980கள்.

ஃபோர்க் கிரவுனின் பின்புறம் பிரேக் போல்ட் வெளிவரும் துளையைக் காலிப்பரால் அளங்கள். முன்னும் பின்னும் ஒரே 6 மி.மீ. துளை என்றால் வெளியே அறுகோண நட் மாட்டும் பழைய முறை. பின்துளை மட்டும் 8 மி.மீ. என்றால் உள்ளே புதையும் ஆலன் நட்டுக்கானது. அது 1970களின் கடைசியில் தொடங்கி 80களில் எங்கும் பரவியது. இது பலர் கவனிக்காத, ஆனால் மிக நம்பகமான சாட்சி. ஆனால் பழைய துளையை டிரில் போட்டுப் பெரிதாக்குவதும் நடந்திருக்கிறது. துளையின் விளிம்பில் குரோமோ பெயின்டோ உதிர்ந்து வெற்று இரும்பு தெரிந்தால் அந்தச் சாட்சியைத் தள்ளிவிடுங்கள்.

இனிப் பின்சக்கரத்தைக் கழற்றி, இரு டிராப்அவுட்டுக்கும் உள்முகத்துக்கு உள்முகம் அளங்கள். 120 மி.மீ. என்றால் 5 பல்சக்கரம் உள்ள ஃப்ரீவீல் காலம், அதாவது 1970களின் பிற்பகுதி வரை. 126 மி.மீ. என்றால் 6, 7 பல்சக்கரக் காலம், 1980களின் இறுதி வரை. 130 மி.மீ. என்றால் 8 பல்சக்கரமும் அதற்கு மேலும், 1990 ஒட்டித் தொடங்குவது. 123, 124 என்று இடையில் ஓர் எண் வந்தால் யாரோ 120-ஐ விரித்திருக்கிறார்கள். அப்படி விரித்தபின் டிராப்அவுட் முகங்களைத் திருத்தாமல் விட்டிருந்தால் அவை இணையாக நிற்காமல் பின்னோக்கி விரிந்திருக்கும். ஸ்கேலை ஒட்டிவைத்தால் தெரிந்துவிடும்.

டிராப்அவுட் பந்தயச் சைக்கிளின் தரத்தையும் சொல்லும். காம்பக்னோலோ பெயர் பொறித்த, அடித்து உருவாக்கிய, சக்கரத்தை முன்பின் நகர்த்தத் திருகு உள்ள வகை உயர்ரகம். தகட்டை வெட்டி எடுத்ததுபோல் தட்டையாக இருந்தால் அந்தத் தயாரிப்பாளரின் கீழ்நிலை மாடல். வலது டிராப்அவுட்டின் உட்புறத்தில் கூடுதலாக இரண்டு மரைத் துளை இருந்தால் அது போர்ட்டாகட்டேனா, அதாவது சக்கரம் கழற்றும்போது செயினைத் தாங்கும் துண்டுக்கானது. 1970களின் இறுதி, 80களின் தொடக்கத்துக்கு உரியது.

ஒரு எச்சரிக்கை. மறுபெயின்ட் அடிக்கக் கொடுத்தபோது பாட்டில் துளையும் கேபிள் வழியும் சேர்த்துப் பற்றவைத்துக்கொண்டவர்கள் ஏராளம். பட்டறையில் முதலிலேயே செய்த பற்று ஒழுங்காக அரத்தால் தேய்த்திருக்கும். பின்னால் செய்தது பித்தளை வழிந்து கொழகொழப்பாக நிற்கும். மேல் குழாயில் 1980கள், டிராப்அவுட்டில் 120 மி.மீ. என்று முரண்பட்டால் அளவை நம்புங்கள், பற்றைச் சந்தேகியுங்கள்.

குழாயின் வகை

குழாய் தெரிந்தால் மாடல் பாதி தெரிந்த மாதிரி. இத்தாலியப் பந்தயச் சைக்கிளில் அதிகம் காண்பது மிலானில் 1919-இல் தொடங்கிய கொலம்பஸ் குழாய். ஸ்டிக்கர் இல்லாமலே அறிய வழி சீட் பில்லர், அதாவது சீட்டைத் தாங்கும் கம்பம். பில்லரை வெளியே எடுத்து விட்டத்தைப் படியுங்கள், அதன்பின் குழாயின் உள்விட்டத்தையும் அளங்கள். 27.2 மி.மீ. என்றால் எஸ்.எல். வகை. 27.0 என்றால் சற்றுத் தடித்த எஸ்.பி. வகை, பெரிய ஃபிரேமுக்கும் எடை மிக்க ஓட்டுநருக்கும் இதைப் போட்டார்கள். 26.8-க்குக் கீழே இறங்க இறங்கக் குழாய்ச் சுவர் தடிமன், சைக்கிள் மலிவு. பில்லர் அளவை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்: சீட் லக்கில் போல்ட் இறுக்கும் இரு காதுகளும் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியிருந்தால், சிறிய பில்லரைப் போட்டு இறுக்கி நசுக்கியிருக்கிறார்கள்.

ஃபோர்க்கைக் கழற்ற முடிந்தால், அதன் மேலே ஃபிரேமுக்குள் நுழையும் ஸ்டியரர் குழாயின் வெளியே கொலம்பஸின் புறா முத்திரையைத் தேடுங்கள். உள்ளே டார்ச் அடித்தால் அடிப்பகுதியில் முறுக்கிச் செல்லும் ஐந்து மேடுகள் தெரியலாம். அதே முறுக்கு மேடுகள் பி.பி. கூட்டுக்குள் வந்து திறக்கும் குழாய்களின் வாயிலும் இருந்தால் அது எஸ்.எல்.எக்ஸ்.; 1980களின் நடுவில் வந்தது, எனவே ஃபிரேம் அதற்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை. ஸ்டியரரில் மேடு இருப்பதை மட்டும் பார்த்து எஸ்.எல்.எக்ஸ். என்று விற்பவர்கள் உண்டு. எஸ்.எல். வகையின் ஸ்டியரரிலும் அது இருக்கும். கூட்டுக்குள் பார்த்தால்தான் முடிவு.

பாகங்களின் தேதி

காம்பக்னோலோ தன் பாகங்களில் ஆண்டைப் பொறித்த பழக்கம் நமக்குப் பெரிய உதவி. நுவோவோ ரெக்கார்ட் என்ற அலுமினியப் பின் டெரெய்லியர் 1967-இல் வந்தது. அதன் மேல்பாகத்தில் ‘பேட்டன்ட்’ என்ற சொல் மட்டும் இருந்து ஆண்டு இல்லையென்றால் 1960களின் இறுதி. 1970 வாக்கிலிருந்து ‘பேட்டன்ட்–72’ என்பதுபோல் ஆண்டும் சேரும். 72 என்றால் 1972-இல் செய்த பாகம். அதற்கு முந்திய ரெக்கார்ட் 1963-இல் வந்தது; பித்தளை மேல் குரோம் பூசியது, கையில் எடுத்தாலே கனம் தெரியும். சூப்பர் ரெக்கார்ட் 1970களின் முன்பகுதியில் வந்தது. 1980களின் நடுவில் சி–ரெக்கார்ட் வந்ததும் இந்த ஆண்டுப் பொறிப்பு முடிகிறது. ‘பிரெவ்’ என்று பாகத்தில் இருப்பதை மாடல் பெயர் என்று எண்ணிவிடாதீர்கள். அது இத்தாலிய மொழியில் காப்புரிமையைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம்.

ஹப்பின் அச்சு லாக்நட்டைத் துடைத்துப் பாருங்கள். சி, ஏ, எம் என்ற மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். 74 என்றால் 1974. கிராங்கின் பின்பக்கம் சின்ன வைர வடிவத்துக்குள் ஓர் இலக்கம் இருந்தால் 1970கள், வட்டத்துக்குள் இருந்தால் 1980கள்: வைரத்துக்குள் 8 என்பது 1978, வட்டத்துக்குள் 2 என்பது 1982. செயின் வீலைத் தாங்கும் ஐந்து போல்ட்டுகளின் வட்ட விட்டமும் பேசும். 151 மி.மீ. என்றால் 1967-க்கு முன். அதற்குப் பிறகு 144 மி.மீ. நேராக அளப்பது கடினம். அடுத்தடுத்த இரு போல்ட்டுகளின் நடுவுக்கு நடு அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். அளந்தது ஏறத்தாழ 84.6 என்றால் விட்டம் 144, 88.8 என்றால் 151.

காம்பக்னோலோ தன் பிரேக்கை 1960களின் கடைசியில்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய உயர்ரகச் சைக்கிளில் யூனிவர்சல் பிரேக் இருப்பதுதான் சரி. அதைக் குறை என்று எண்ணிக் கழற்றிவிடாதீர்கள். கேபிள் லீவரின் தலையிலிருந்து மேலே வளைந்து வந்தால் 1980களின் நடு வரை. ஹேண்டில்பார் நாடாவுக்கு அடியில் ஓடினால் அதற்குப் பிறகு. பிரேக் லீவரிலேயே கியர் மாற்றும் எர்கோபவர் 1992-இல் வந்தது.

ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் ஸ்டெம்மும் சினெல்லி என்றால் முத்திரையைப் பாருங்கள். 1978-இல் நிறுவனம் அன்டோனியோ கொலம்போவின் கைக்கு வந்தது. 1979-இல் சிறகு விரித்த ‘சி’ முத்திரை வந்தது. கேடயம் போன்ற பழைய முத்திரை என்றால் அதற்கு முன். பார் பிடியின் விட்டம் சினெல்லியில் 26.4 மி.மீ.; வேறு தயாரிப்பாளர்களின் 25.8, 26.0 மி.மீ. பாரை அதில் பூட்டினால் நழுவும்.

ரிம், டயர், செயின், ஃப்ரீவீல், சீட், பெடல் இவற்றை வயதுக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். அவை தேய்ந்து மாற்றப்படுபவை.

தயாரிப்பாளரின் கையெழுத்து

லக், ஃபோர்க் கிரவுன், சீட் ஸ்டேயின் மேல்மூடி, பி.பி. கூட்டின் அடி: கைவினைஞர் தன் அடையாளத்தை இந்த நான்கு இடங்களில் செதுக்குவார். பெயின்ட் தடித்திருந்தால் சாய்வாக டார்ச் அடியுங்கள்.

கொல்னாகோவின் கிளாவர் இலை, 1970-இல் மிகேலே தான்செல்லி மிலான்–சான் ரேமோ பந்தயத்தில் வென்றபின் வந்தது. அந்த இலை இரும்பிலேயே வெட்டியிருந்தால் ஃபிரேம் 1970-க்கு முந்தியதல்ல. சாதாரண உருண்டைக் குழாய் என்றால் சூப்பர் என்ற மாடலாக இருக்க வாய்ப்பு அதிகம். மெக்சிகோ என்ற மாடல் பெயர் 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிய சாதனையிலிருந்து வந்தது. குழாயின் குறுக்குவெட்டு நட்சத்திரம்போல் மடிந்திருந்தால் மாஸ்டர், 1980களிலிருந்து. மாஸ்டர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்யப்பட்டது என்பதால் அங்கே குழாயின் வடிவம் வயதைச் சொல்லாது. பின் டிராப்அவுட்டுகளின் இடைவெளிதான் சொல்லும்.

பினரெல்லோவில் ஜி.பி.டி. என்ற மூன்று எழுத்து இருக்கும்: ஜியோவன்னி பினரெல்லோ, டிரெவிசோ. டி ரோசாவில் இதயம். லெனியானோவைத் தொலைவிலிருந்தே அறியலாம்: சீட் பில்லரை இறுக்கும் போல்ட் பின்னால் இல்லாமல் மேல் குழாய்க்கு அடியில், முன்பக்கமாக இருக்கும், தலைமுத்திரையில் வாளுயர்த்திய வீரன். ஜியோஸ் நீலம் 1970களின் புரூக்ளின் அணியோடு சேர்ந்தது. மாசி என்ற தயாரிப்பாளரின் சைக்கிள் என்றால் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: மிலானா, கலிஃபோர்னியாவா? 1970களில் பெயர் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, கார்ல்ஸ்பாடிலும் ஃபிரேம்கள் செய்யப்பட்டன. இரண்டும் மதிப்புள்ளவையே, ஆனால் ஒன்றல்ல. பியாங்கியின் செலெஸ்டே நிறத்தை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லாதீர்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் இடையில் அது காலத்துக்குக் காலம் மாறியது, வெயிலிலும் வெளுக்கும்.

அசல் நிறம் தெரிய வேண்டுமா? ஹெட்செட் கப்பின் அடி, பி.பி. கூட்டின் உள்விளிம்பு, கேபிள் வளையத்தின் கீழ், ஸ்டியரரின் வேர். மறுபெயின்ட் அடிப்பவர்கள் இந்த இடங்களைச் சுரண்டுவதில்லை. ஃபோர்க்கிலோ செயின் ஸ்டேயிலோ பெயின்டுக்கு அடியில் குரோம் எட்டிப்பார்த்தால் அதுவும் மறுபெயின்டாக இருக்கலாம். ஃபோர்க் அந்த ஃபிரேமோடு பிறந்ததா என்று அறியவும் இதே இடங்கள் உதவும்: இரண்டின் அடிநிறமும் ஒத்துப்போக வேண்டும்.

கூட்டின் அடியில் உள்ள எண்

அதிகம் பேர் தவறு செய்வது இங்கேதான். பி.பி. கூட்டில் 57 என்று மட்டும் பொறித்திருந்தால் அது 1957 அல்ல. பெரும்பாலும் 57 செ.மீ. ஃபிரேம் அளவு. சரிபார்க்கக் கூட்டின் நடுவிலிருந்து மேல் குழாயின் நடு வரை அளங்கள். கொல்னாகோ என்றால் சீட் லக்கின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். மற்றவர்களைப் போல அளந்தால் ஒன்றரை, இரண்டு செ.மீ. குறைவாக வரும். நீண்ட வரிசை எண் இருந்தாலும் பல இத்தாலியப் பட்டறைகளில் அதை ஆண்டாக மாற்றித் தரும் பட்டியல் கிடையாது. எண் இல்லாததும் போலிக்கு அடையாளம் அல்ல.

முடிவை எப்படி எழுதுவது

ஒரு தாளில் ஒவ்வொரு சாட்சியையும் ‘இதற்கு முந்தியதல்ல’, ‘இதற்குப் பிந்தியதல்ல’ என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: பெயர் இல்லாத சிவப்பு ஃபிரேம், கூடு 70 மி.மீ., 36×24. கிரவுனில் வெட்டிய கிளாவர் இலை. மேல் குழாயில் பற்றிய கேபிள் வழி. பாட்டில் துளை ஒரே ஜோடி. கியர் கேபிள் கூட்டுக்கு மேலே, பற்றிய வழியில். பின்துளை 6 மி.மீ. இடைவெளி 126. பில்லர் 27.2. பின் டெரெய்லியரில் 79, ஹப் லாக்நட்டில் 78, கிராங்கில் வட்டத்துக்குள் 3.

கிளாவர் இலை 1970-க்கு மேலே தள்ளுகிறது. பற்றிய வழிகளும் 126-உம் 1970களின் பிற்பகுதிக்குக் கொண்டுவருகின்றன. கூட்டுக்கு மேலே ஓடும் கேபிளும் 6 மி.மீ. துளையும் 1980களுக்குள் அதிக தூரம் போக விடவில்லை. டெரெய்லியரும் ஹப்பும் அதற்கு ஒத்துப்போகின்றன. கிராங்க் மட்டும் 1983; அது பின்னால் மாற்றியது. உருண்டைக் குழாய், எஸ்.எல்., கிளாவர்: கொல்னாகோ சூப்பர், ஏறத்தாழ 1978 முதல் 1980 வரை. ஒரே ஆண்டைச் சொல்ல வற்புறுத்தாதீர்கள். டெரெய்லியர் 1979 என்பதால் ஃபிரேமும் 1979 என்று ஆகாது. கடை அலமாரியில் ஒரு வருடம் கிடந்த பாகமும் பூட்டப்படும்.

டஸ்கனியின் கயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும், பழைய சைக்கிள்களுக்கான லெரோயிகா ஓட்டத்துக்காக வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 1987 வரை செய்த பந்தய சைக்கிள், கீழ்க் குழாயில் கியர் லீவர், காலணிக் கூண்டும் வாரும் உள்ள பெடல், ஹேண்டில்பாருக்கு வெளியே ஓடும் பிரேக் கேபிள் என்று விதி. படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் ஆறு படம் கேளுங்கள்: பி.பி. கூட்டின் அடி, பின் டிராப்அவுட் இரண்டும் ஸ்கேலோடு, ஃபோர்க் கிரவுனின் பின்புறம், சீட் லக்கின் காதுகள், பின் டெரெய்லியரின் மேல்பாகம், கிராங்கின் பின்பக்கம். இந்த ஆறில் ஒன்றை எடுத்துத்தர மறுத்தால், அந்த இடத்தைத்தான் நேரில் போய் முதலில் பார்க்க வேண்டும்.